உலகப் போட்டிக்கு இடம் கிடைத்ததும் பயிற்சியை இரட்டிப்பாக்காதீர்கள்

நாற்பதைத் தாண்டிய ஒருவர் நொண்டிக்கொண்டே என் அறைக்குள் வந்தார். மூன்று வாரமாகக் கவட்டில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், தொடை எலும்பின் கழுத்தில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் விரிசல். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லானின் உலகப் போட்டியில் வயதுப் பிரிவில் கலந்துகொள்ள அவருக்கு இடம் கிடைத்திருந்தது. "உலகப் போட்டி டாக்டர், சும்மா போய் நிற்க முடியுமா?" என்று ஒரே மாதத்தில் பயிற்சியை இரண்டு மடங்காக்கியிருந்தார்.

விளையாட்டு மருத்துவராக இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 'உலக' என்ற சொல்லைக் கேட்டதும் அங்கே வருகிற எல்லாரும் ஒரே தரம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை.

இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான வேர்ல்ட் டிரையத்லான் நடத்தும் வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு அந்தந்த நாட்டுச் சங்கம்தான் ஆட்களை அனுப்புகிறது. தேர்வு விதி நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் சில இடங்களுக்குப் பெரிய கூட்டமே மோதும். இன்னோரிடத்தில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடும். அதனால் ஒரே ஐந்து வயது இடைவெளிப் பிரிவில், பல வருடம் பழகியவரும் மூன்றாவது போட்டிக்கு வந்தவரும் அருகருகே நிற்பார்கள். இதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம்.

நீண்ட தூர டிரையத்லானான அயர்ன்மேன் வேறு மாதிரி. அதன் உலகப் போட்டிக்குத் தகுதிப் போட்டியில் ஸ்லாட், அதாவது இடம், வாங்க வேண்டும். ஒருவர் வேண்டாமென்றால் அது அடுத்தவருக்கு இறங்கும். 1978இல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. இன்று அயர்ன்மேன் உலகப் போட்டி நடக்கும் ஹவாயின் கோனாவில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் மூன்றையும் அமெச்சூர்களில் முன்னணியினர் 9 மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். வயது ஏறினால் போட்டி இளகும் என்றும் எண்ண வேண்டாம். ஆட்கள் குறைவார்கள், ஆனால் மிச்சம் நிற்பவர்கள் உறுதியானவர்கள். 2018இல் ஹிரோமு இனாடா 85 வயதில் கோனாவை 17 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தார்.

சரி, நாம் என்ன செய்வது? போன வருட முடிவுகளை எடுத்து, உங்கள் பிரிவில் முதலாமவரை அல்ல, நடுவில் இருப்பவரின் நேரத்தைப் பாருங்கள். உங்களுக்கும் அவருக்கும் உள்ள தூரம்தான் நிஜமான கணக்கு. அந்தத் தூரத்தை எட்டு வாரத்தில் கடக்க முயன்றால் முதலில் தோற்பது எலும்பு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்போ, புது அழுத்தம் வந்தால் பழையதை முதலில் கரைத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும். நடுவிலுள்ள அந்த வாரங்களில் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. நீங்களோ அப்போதுதான் நல்ல மூச்சோடு வேகம் கூட்டிக்கொண்டிருப்பீர்கள்!

எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் இன்னும் சீக்கிரம் உடைகிறார்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ கடும் பயிற்சியின் அடையாளம் அல்ல, உடலுக்குச் சக்தி போதவில்லை என்ற எச்சரிக்கை. ஆண்களுக்கும் இந்தக் குறைபாடு வரும். அடிக்கடி சளி, தூக்கமின்மை, ஆர்வமே இல்லாமல் போவது என்று மெல்லத்தான் தெரியும்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி, ஒற்றைக்காலில் குதித்தால் கூடும் வலி, இரவில் எழுப்பும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கவட்டு வலி என்றால் அன்றைக்கே. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் திரும்ப ஓடாதீர்கள்.

முதலில் சொன்ன அந்த நொண்டி வந்தவர் ஆறு வாரம் ஊன்றுகோலோடு நடந்தார். அந்த வருடப் போட்டி போய்விட்டது. இப்போது மறுபடி நீந்துகிறார், சைக்கிள் மிதிக்கிறார். ஓட்டத்தை ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.