இன்புட் இம்பீடன்ஸ்: உள்ளீட்டு மின்மறுப்பு

மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) செய்ய இறங்கும் எவரும் சீக்கிரமே எதிர்கொள்ளும் சொல் இம்பீடன்ஸ். தமிழில் இதைப் பலரும் 'மின்தடை' என்றே எழுதிவிடுகிறார்கள். அது போதாது. மின்தடை என்பது ரெசிஸ்டன்ஸ். இம்பீடன்ஸில் அந்தத் தடையோடு கெப்பாசிட்டரும் காயிலும் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்திருக்கும். அதிர்வெண் மாறினால் மதிப்பும் மாறும். இரண்டையும் ஓமில்தான் அளக்கிறோம், குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுவே.

மின்னியலுக்கு இந்தச் சொல்லைத் தந்தவர் ஆலிவர் ஹெவிசைடு, 1886-ல். லத்தீன் வேரில் 'பாதம்' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது: காலைக் கட்டி நடக்கவிடாமல் செய்வது. நம் 'தளை' அதற்கு அழகாகப் பொருந்தும், ஆனால் புழக்கத்துக்கு வந்தவை மின்மறுப்பும் மின்னெதிர்ப்பும். நான் மின்மறுப்பைத்தான் எடுத்துக்கொள்வேன். ப்ரீஆம்பின் உள்ளீடு செய்யும் வேலையே மறுப்பதுதான்: மைக் தரும் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மின்னோட்டத்தை மட்டும் வாங்க மறுக்க வேண்டும்.

ஒரு டைனமிக் மைக்கின் (காந்தமும் காயிலும் கொண்ட மைக்) சொந்த மின்மறுப்பு 200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளீடும் 200 ஓம் என்றால் சிக்னலில் பாதி மைக்குக்குள்ளேயே போய்விடும். 6 டெசிபல் இழப்பு. உள்ளீடு 2000 ஓம் என்றால் இழப்பு 1 டெசிபலுக்கும் குறைவு. பழைய தொலைபேசி இணைப்புகளில் இரு பக்கமும் 600 ஓம் என்று சமமாக வைத்தார்கள், அங்கே திறன் போய்ச்சேர வேண்டியிருந்தது. இங்கே மின்னழுத்தம் போதும். அதனால்தான் உள்ளீடு மைக்கின் மின்மறுப்பைப் போல 'குறைந்தது ஐந்து மடங்கு, முடிந்தால் பத்து' என்கிற வழக்கம்.

பியசோ பிக்கப் (இசைக்கருவியின் அதிர்வை நேரடியாகச் சிக்னலாக்கும் உணரி) வேறு கதை. அது ஏறக்குறைய ஒரு கெப்பாசிட்டர். 1 நானோஃபாரட் என்றால், 10 கிலோ ஓம் உள்ளீட்டில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே தேய்ந்துவிடும். தகரச் சத்தம்தான் மிஞ்சும். 10 மெகா ஓம் வைத்தால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. சரி, எல்லா மைக்குக்கும் மெகா ஓம் வைத்துவிடலாமா? வேண்டாம். எதையும் செருகாத உள்ளீடு ஹம்மை (மின்கம்பிகளின் ரீங்காரத்தை) இழுத்துக்கொள்ளும். சில டைனமிக் மைக்குகளின் தொனியும் ஓரளவு லோடு இருந்தால்தான் சரியாக வரும்.

இன்னொரு கவனம்: ஆப்ஆம்ப் (பெருக்கும் சிப்) டேட்டாஷீட்டில் உள்ள எண் உங்கள் சர்க்யூட்டின் உள்ளீட்டு மின்மறுப்பு ஆகாது. ஃபேண்டம் பவருக்கான (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) இரண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் சேர்ந்து 13.6 கிலோ ஓமாகக் குறுக்கே நிற்கும். நீங்கள் உள்ளீட்டில் 2 கிலோ ஓம் போட்டிருந்தால் மைக் காண்பது சுமார் 1.74 கிலோ ஓம்.

அளந்து பார்ப்பது எளிது. ஃபேண்டமை அணைத்துவிட்டு, சில மில்லிவோல்ட் அளவில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுங்கள். தொடரில் 10 கிலோ ஓம் பாட் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) ஒன்று, முதலில் சுழியத்தில். வெளியீட்டைக் குறித்துக்கொண்டு, அது பாதியாகும்வரை பாட்டை மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் பாட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் வையுங்கள். காட்டுவதுதான் கிட்டத்தட்ட உங்கள் உள்ளீட்டு மின்மறுப்பு. இதையே 50 ஹெர்ட்ஸிலும் 15 கிலோஹெர்ட்ஸிலும் செய்து பாருங்கள். மூன்று எண்களும் வேறுபட்டால், 'மின்தடை' என்று எழுத உங்களுக்கே மனம் வராது.