பாட்டைப் பதிவு செய்யக் கேமிங் மடிக்கணினி தேவையில்லை

வீடுகளில் பதிவான பாடல்களை மிக்சிங் செய்து, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து, கொடுப்பது என் தொழில். அண்மையில் திருச்சியிலிருந்து ஒரு தந்தை தம் மகள் பாடிய பதிவை அனுப்பியிருந்தார். பெண்ணுக்கு நல்ல சுருதி, நல்ல குரல்வளம். ஆனால் வரிக்கு வரி இடைவெளியில் விசிறி இரைச்சல் ஏறி இறங்குகிறது. பாட்டோ தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வருகிறது. தொலைபேசியில் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. கடையில் சொன்னதை நம்பி, ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு ஒரு கேமிங் மடிக்கணினியைத் தவணையில் வாங்கியிருக்கிறார்கள். பணம் அதிலேயே தீர்ந்துவிட்டதால் மைக்கும் வாங்கவில்லை, மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியும் வாங்கவில்லை. கைப்பேசியோடு வந்த ஹெட்செட்டிலேயே அந்தப் பெண் பாடியிருக்கிறாள். "கிராபிக்ஸ் கார்டு இருந்தால்தானே சார் சாஃப்ட்வேர் திணறாமல் ஓடும்?" என்று அவர் கேட்டார். பல பெற்றோரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு திரையில் படம் வரைவதற்கான உறுப்பு. விளையாட்டில் வரும் முப்பரிமாணக் காட்சிகளையும், வீடியோ எடிட்டிங்கில் வரும் வண்ணத் திருத்தங்களையும் அது விரைவாகச் செய்து தரும். உங்கள் குரலைப் பதிவதிலோ, அதற்கு எதிரொலி சேர்ப்பதிலோ, கீபோர்டில் வாசிக்கும் வயலின் ஒலியை உருவாக்குவதிலோ அதற்கு வேலையே இல்லை. அவை அனைத்தும் பிராசஸரின் வேலை. கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் ஒலி பிளக்-இன்கள் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) ஒரு சில உண்டு. ஆனால் முதல் பாட்டைப் பதிவு செய்யப் போகும் யாருக்கும் அவை தேவைப்படா. ரீப்பர், கியூபேஸ், எஃப்.எல். ஸ்டூடியோ, கராஜ்பேண்ட் ஆகிய பதிவு மென்பொருள்களில் எதை வைத்து வேலை செய்தாலும், பிராசஸருடன் சேர்ந்தே வரும் சாதாரண கிராபிக்ஸ் போதும். தனி கிராபிக்ஸ் கார்டுக்காக நீங்கள் கொடுக்கும் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ உங்கள் ஒலிக்கு ஒரு துளியும் உதவாது. பாட்டோடு 4கே வீடியோவும் எடிட் செய்யப் போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. அப்போது வீடியோவுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

ஒலிப்பதிவு கணினிக்குப் பெரிய சுமையும் அன்று. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரு மைக்கின் ஒலியைப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி சேர்கிறது. ஐந்து நிமிடப் பாட்டை எட்டு ட்ராக்குகளில் (தனித்தனி ஒலி வரிசைகளில்) பதிந்தாலும் 350 எம்பி தாண்டாது. சுமை ஏறுவது பிறகுதான்: வாத்திய ஒலிகளின் தொகுப்பான சாம்பிள் நூலகங்களை ஏற்றி வாத்தியங்களை வாசிக்கும்போதும், ஒவ்வொரு ட்ராக்கிலும் பிளக்-இன்களை அடுக்கும்போதும். அந்தச் சுமையைத் தாங்க வேண்டியவை ரேமும் பிராசஸரும்.

கேமிங் கணினியின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் பணம்கூட அன்று, அதன் விசிறி. வெப்பம் மிகுந்த பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே மெல்லிய பெட்டிக்குள் அடைத்திருப்பதால், சற்று வேலை கூடினாலே விசிறிகள் சீறத் தொடங்கும். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டன்சர் மைக்கை அதற்கு இரண்டடி தள்ளி வைத்துப் பாடினால், மைக் அந்தச் சீறலையும் விசுவாசமாகப் பதிந்துகொள்ளும். "நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்துவிடலாமே" என்கிறார்கள். அது ஒரே சீரான இரைச்சலை ஓரளவு நீக்கும். விசிறியோ பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் ஒரு வேகம் என்று மாறிக்கொண்டே இருக்கும். அழுத்தி நீக்கினால் "ச", "ஷ" ஒலிகள் மழுங்கும், நீண்ட கார்வையின் முடிவில் குரல் தேய்ந்து அடங்கும் இடம் துண்டிக்கப்பட்டதுபோல் கேட்கும். அந்தத் திருச்சிப் பெண்ணின் பதிவில் அனுபல்லவியின் கடைசிச் சொல்லை நான் இப்படித்தான் இழந்தேன். மூச்சும் கமகமும் தெளிவாக விழுந்திருக்கும் ஒரு பதிவை இயந்திர இரைச்சலுக்குப் பலி கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அடுத்தது, குரல் தாமதமாகக் கேட்பது. நாங்கள் லேட்டன்சி என்போம். வேகமான கணினி வாங்கினால் இது தானே தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, தீராது. விண்டோஸ் கணினியில் இதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது ஒலிச் சாதனத்தைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவர். ஸ்டைன்பெர்க் நிறுவனம் வகுத்த ஏசியோ முறையில் இயங்கும் டிரைவருடன் ஒரு முறையான ஆடியோ இன்டர்ஃபேஸை இணைத்தால், பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் துண்டை, 128 சாம்பிளுக்கு (ஒலியின் 128 அளவீடுகளுக்கு) குறைத்து வைக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிநொடி, உள்ளே வரவும் வெளியே போகவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும் பெரும்பாலும் பத்து மில்லிநொடியை ஒட்டியே நிற்கும். மடிக்கணினியின் மைக் துளையையும் சாதாரண டிரைவரையும் நம்பினால் அது பல மடங்காகி, பாடுபவர் தம் குரலுக்காகவே காத்திருந்து பாடுவார். புளூடூத் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடினால் இன்னும் மோசம். பதிவு செய்யும்போது கம்பியுள்ள ஹெட்ஃபோனைத்தான் அணிய வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. பதிவின் நடுவே "டிக் டிக்" என்று வெட்டு விழுந்தால், வைஃபை டிரைவரும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரும் நான் முதலில் சந்தேகிப்பவை. விலை கொடுத்து வாங்கிய கார்டே ஒலியைக் கெடுத்த கணினிகளை நான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

எதை வாங்குவது என்று கேட்டால் என் விடை சுருக்கமானது. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., அண்மைத் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 பிராசஸர். ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ7 மடிக்கணினியைவிடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 வேகமானது. ஒரே ட்ராக்கில் வரிசையாக அடுக்கிய பிளக்-இன்களைப் பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கோர்தான் (கணக்கிடும் அலகுதான்) சுமக்கிறது என்பதால், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம். ரேமைப் பிறகு கூட்ட முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். பல மெல்லிய மடிக்கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

கணினியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாதவர்களுக்கு மேசைக் கணினியே நல்லது. அதே பணத்துக்கு வேகம் கூடுதல், பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வதால் சத்தம் குறைவு, ஐந்து மீட்டர் யூ.எஸ்.பி. கேபிளைப் போட்டுப் பெட்டியைத் தள்ளியும் வைத்துவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய அலுவலகக் கணினிகளை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஆனால் ஒரு நிபந்தனை: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்கும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கோ அதற்குப் பிந்தையதற்கோ மட்டும் பணம் கொடுங்கள். ஆப்பிள் பக்கம் போக விரும்புவோருக்கு, 2024இல் 59,900 ரூபாய்க்கு அறிமுகமான எம்4 மேக் மினி தொடக்கத்துக்குத் தாராளம். 16 ஜிபி ரேமும் இலவச கராஜ்பேண்டும் அதிலேயே உண்டு. திரையும் விசைப்பலகையும் தனிச் செலவு. எம் வரிசை மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது என்பது பாடகர்களுக்குப் பெரிய வரம்.

தயவுசெய்து மொத்தப் பணத்தையும் கணினியில் போட்டுவிடாதீர்கள். ஒரு லட்சம் இருந்தால் கணினிக்கு அறுபதாயிரத்துக்கு மேல் போகாமல், மீதியை இரண்டு சானல் இன்டர்ஃபேஸ், இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட்டில் இயங்கும் ஒரு கண்டன்சர் மைக், ஒலி வெளியே கசியாத மூடிய வகை ஹெட்ஃபோன், மைக் ஸ்டாண்ட், "ப" போன்ற ஒலிகளின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர் ஆகியவற்றுக்கு வையுங்கள். இன்டர்ஃபேஸ் யூ.எஸ்.பி. 2.0 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு சானலுக்கு அது தாராளம். வீட்டின் எர்த்திங்கையும் ஒரு மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜரைச் செருகியவுடன் மைக்கில் "ம்ம்ம்" என்ற ரீங்காரம் வருவதையும், சார்ஜரைப் பிடுங்கியதும் அது அடங்குவதையும் நீங்களே கேட்கலாம். அதற்குக் கணினியை மாற்றிப் பயனில்லை.

கேமிங் மடிக்கணினியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை விற்க ஓட வேண்டாம். அதன் சைலன்ட் மோடை இயக்கி, கணினியை மேசையின் கீழோ அடுத்த அறையிலோ வைத்து, மைக்கின் முதுகுப்புறம் அதை நோக்கியிருக்கும்படி நிறுத்துங்கள். பதிவின்போது வைஃபையை அணையுங்கள். பிளக்-இன்களை எல்லாம் நிறுத்திவிட்டுக் குரலும் சுருதியும் மட்டும் ஓடட்டும். இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டால் குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும், தாமதம் என்பதே இருக்காது. அந்தத் திருச்சித் தந்தையிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்: அடுத்த இரண்டு மாதச் சேமிப்பில் ஒரு சிறிய இன்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கி, மகளை மறுபடி பாடச் சொல்லி அனுப்புங்கள், அந்த மிக்சிங்குக்கு நான் பணம் வாங்க மாட்டேன்.