கட்டிய பணமும் பதினொரு வயது முழங்கையும்

முழங்கையின் உட்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். "வலிக்கிறதா?" என்றேன். "இல்லை" என்றான். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. ஆனால் சாக்ஸுக்குள் அவனுடைய கால்விரல்கள் மடங்கி இறுகின. இடது முழங்கையில் அதே இடத்தை அழுத்தினேன். விரல்கள் அசையவில்லை. மறுபடி வலது கைக்கு வந்தேன். மறுபடி மடங்கின.

பையனுக்குப் பதினொரு வயது, பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். டாலஸுக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றில் இருபது ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். தொடக்கத்தில் என்னிடம் வந்த பேஸ்பால் பிள்ளைகள் பெரும்பாலும் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். இப்போது காத்திருப்பு அறையில் கால் தரையில் எட்டாமல் நாற்காலியில் ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"டாக்டர், சனிக்கிழமை டோர்னமென்ட் இருக்கிறது. டேப் ஒட்டி அனுப்ப முடியுமா?" என்று கேட்டார் அப்பா. ஈரோட்டுக்காரர், நல்ல மனிதர். பிள்ளையை விரட்டி அடிக்கிற ஆள் இல்லை. போன வாரம் எத்தனை பந்து எறிந்தான் என்று கேட்டதும் செல்பேசியை எடுத்து அணியின் செயலியைத் திறந்தார். சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் 48, மூன்றாவது ஆட்டத்தில் 31. நடுவில் இருந்த ஆட்டத்தில் என்ன செய்தான் என்றேன். கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக, உட்கார்ந்தானாம். அதாவது தனக்கு வந்த ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிந்திருக்கிறான்.

அப்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "புதன்கிழமை லிட்டில் லீக் ஆட்டத்தை விட்டுவிட்டீர்களே." உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பு லிட்டில் லீக். அந்த ஆட்டத்தில் 50. வியாழக்கிழமை தனிப் பயிற்சியாளரிடம் ஏறக்குறைய 40. ஆறு நாளில் 169 பந்து. சனிக்கிழமை ஆடியது டிராவல் அணிக்கு, அதாவது பணம் கட்டிச் சேர்ந்து ஊர் ஊராகப் போட்டிக்குப் போகும் அணிக்கு. அதன் பயிற்சியாளருக்கு 79 தெரியும், லிட்டில் லீக்காரருக்கு 50 தெரியும், தனிப் பயிற்சியாளருக்கு 40 தெரியும். ஒவ்வொருவரும் தம் அளவில் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தவர் யாருமில்லை, அந்த முழங்கையைத் தவிர.

லிட்டில் லீக் 2007இல் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு கொண்டுவந்தது. 11, 12 வயதுக்காரர் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. 41 பந்து வீசிய பிட்சர் அன்றைக்குக் கேட்சராக உட்காரக்கூடாது. சனிக்கிழமை வீசிய 79 பந்தும் லிட்டில் லீக் கணக்கில் ஏறியிருந்தால், புதன்கிழமை அந்தப் பையன் பிட்சரின் மேட்டில் கால் வைத்திருக்கவே முடியாது. ஆனால் இரண்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. டிராவல் போட்டிகள் பலவற்றில் வரம்பு பந்துக்கு அல்ல, இன்னிங்ஸுக்கு. (பேஸ்பாலில் எதிரணியின் மூன்று பேரை அவுட்டாக்கினால் பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸ் முடிந்தது.) ஒரு இன்னிங்ஸ் ஒன்பது பந்தில் முடியலாம், முப்பத்தைந்திலும் முடியலாம். தாளில் இரண்டும் ஒன்றுதான்.

நம் ஊர் அப்பாக்களுக்கு இது உடனே பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள் நாம். வேகப்பந்து வீச்சாளருக்கு முதலில் விரிசல் விடுவது இடுப்புப் பகுதி முதுகெலும்பு. கையை நீட்டி வீசுவதால் முழங்கை ஓரளவு தப்பிவிடுகிறது. பேஸ்பால் பிட்சர் முழங்கையை மடக்கி, தோளைப் பின்னுக்குத் திருகி, சவுக்குபோல விடுவிக்கிறார். அந்தச் சொடுக்கில் முழங்கையின் உட்புறம் பிளந்து திறக்கப் பார்க்கும். திறக்கவிடாமல் பிடித்துக்கொள்வது ஒரு தசைநார். பெரியவர்களுக்கு அறுவது அதுதான். பதினொரு வயதில் நடப்பது வேறு. தசைநார் ஒட்டியிருக்கும் எலும்பு முனை இன்னும் முழுசாக எலும்பாகவில்லை. நடுவில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது, அதுதான் அங்கே இருப்பதிலேயே பலவீனமான இடம். மாடு இழுக்கும்போது கயிறு உறுதியாக இருந்தால் முளைக்குச்சி ஆட்டம் காணுமே, அதைப்போல. 'லிட்டில் லீக் முழங்கை' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு குழந்தை விளையாட்டு அமைப்பின் பெயர் ஒரு நோய்க்கு வந்து ஒட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கும்.

அந்த அமைப்பு தொடங்கிய கதை எளிமையானது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் உள்ளூர் நிறுவனங்களின் ஆதரவோடு மூன்று அணிகளை வைத்து ஆரம்பித்தார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பக்கத்துத் திடலில் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த லிட்டில் லீக் இன்றும் எங்கள் ஊரில் மலிவாகவே நடக்கிறது. ஆனால் 'நன்றாக ஆடுகிறான்' என்று யாராவது ஒருவர் சொன்ன மறுவாரம் டிராவல் அணி வாசலில் நிற்கிறது. எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கே தேர்வு நடத்தி, எடுபடாத பிள்ளையை அழவைத்து அனுப்புகிறார்கள்.

செலவைப் பற்றி நான் கேட்கவில்லை, அப்பாவே சொன்னார். அணிக் கட்டணம், சீருடை, மாதம் நான்கு தனிப் பயிற்சி, வார இறுதிப் பெட்ரோல், திடலுக்குள் நுழையப் பெற்றோருக்கு டிக்கெட். வெளியூர்ப் போட்டி என்றால் நடத்துபவர்கள் சொல்லும் ஓட்டலில்தான் தங்கவேண்டும், வேறு இடத்தில் தங்கினால் அணியைச் சேர்க்க மாட்டோம் என்ற நிபந்தனை. மட்டை ஒன்று போதாது. 2018 முதல் லிட்டில் லீக்கில் 'யுஎஸ்ஏ' முத்திரை இருக்கவேண்டும். டிராவல் போட்டிகளுக்கோ பெரும்பாலும் துள்ளல் கூடுதலான வேறு முத்திரை மட்டை. நல்லதாக வாங்கினால் ஒவ்வொன்றும் முந்நூறு டாலரைத் தாண்டும். அடுத்த ஆண்டு பையன் வளர்ந்துவிடுவான், இரண்டும் பரணுக்குப் போகும். "நாங்கள் ஆறு பேர் காசு போட்டு ஒரு மட்டை வாங்கி ஆடினோம், டாக்டர்" என்று சிரித்தார். கோடையில், பேஸ்பால் புகழ்மண்டபம் இருக்கும் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனுக்கு ஒரு வாரம் போவதாக இருந்தது. பன்னிரண்டு வயதுக்காரர்கள் அங்கே போய் ஆடுவது பல அணிகளுக்கு யாத்திரை மாதிரி. பிள்ளைக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். குடும்பத்தின் விமானச் செலவும் தங்கும் செலவும் தனி.

ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு 2024இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஒரு பிள்ளையின் முதன்மையான விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 1,016 டாலர் செலவழிக்கிறது. 2019ஐவிட இது 46 சதவீதம் அதிகம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து எடுத்த சராசரி அது. டிராவல் பேஸ்பால் வீட்டில் இந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் வீரர் ஆண்ட்ரூ மெக்கட்சன் 2015இலேயே எழுதினார். அது தனியாகப் பேசவேண்டிய பெரிய விஷயம். நான் என் மேசைக்கு வருவதை மட்டும் பேசுகிறேன்.

என் மேசைக்கு வருவது இதுதான்: பணம் கட்டிய வீட்டில் பிள்ளை வலியைச் சொல்வதில்லை. யாரும் மிரட்டவேண்டியதில்லை. காரில் அம்மாவும் அப்பாவும் ஓட்டல் பில்லைப் பற்றிப் பேசுவது பின்சீட்டில் கேட்கிறது. தனக்காக அண்ணனின் பிறந்தநாள் தள்ளிப்போனது தெரிகிறது. 'என்னால் முடியவில்லை' என்பது அவன் வாயில் கடன்காரன் பேச்சாகிவிடுகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் பெற்றோரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசுகிறேன். (அறைக் கதவு திறந்திருக்கும், உதவியாளர் உடனிருப்பார்.) பெற்றோர் நகர்ந்ததும் அந்தப் பையன் சொன்னான்: மூன்று வாரமாக வலிக்கிறது, பல் துலக்கும்போதுகூட. சனிக்கிழமை காலைகளில் ஒரு வலி மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் போகிறான். அணி நண்பன் ஒருவன் கொடுத்த யோசனையாம்.

அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவு ஒன்றை நான் அடிக்கடி பெற்றோருக்குச் சொல்வேன். கை சோர்ந்துபோன நிலையிலும் வழக்கமாக வீசிவந்த இளம் பிட்சர்களுக்கு அறுவைச் சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டிகளில் வீசியவர்களுக்கு ஐந்து மடங்கு. பத்து ஆண்டுகள் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2011இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆண்டுக்கு 100 இன்னிங்ஸைத் தாண்டியவர்களுக்குக் கடும் காயம் மூன்றரை மடங்கு. டெக்சஸில் பனி விழுந்து திடல் மூடுகிற பேச்சே இல்லை. வசந்தம், கோடை, இலையுதிர் காலம் என்று ஆடிவிட்டு, குளிர்காலத்தில் கூரைக் கொட்டகைக்குள் வேகமானிக்கு முன்னால் வீசுகிறார்கள். எட்டு மாதம் எப்போதோ கடந்துவிடுகிறது.

'டாமி ஜான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் முன்னைவிட வேகமாக வீசலாமாமே' என்று என்னிடம் கேட்ட பெற்றோர் இருக்கிறார்கள், காயமே இல்லாத பிள்ளைக்கு. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு அறுந்த தசைநாருக்குப் பதிலாக மணிக்கட்டுப் பக்கத்து நாண் ஒன்றை எடுத்துக் கட்டினார். டாமி ஜான் அதன்பின் 1989 வரை ஆடினார். அந்த வெற்றிக் கதையில் சிகிச்சை ஒரு வரம்போல ஆகிவிட்டது. வேகம் கூடியதாகத் தெரிவது, ஓராண்டுக்கு மேல் ஓய்வெடுத்து, கால், இடுப்பு, தோள் என்று ஒழுங்காக உடலைத் தேற்றியதன் பலன். அதைக் கத்தி இல்லாமலே நான் செய்து தருவேன். ஜோப் ஒரு முப்பது வயதைத் தாண்டிய தொழில்முறை வீரருக்காக உருவாக்கிய சிகிச்சை அது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் அதைச் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 15 முதல் 19 வயதினர்.

இவ்வளவும் எதற்காக என்றால், கல்லூரி உதவித்தொகை என்பார்கள். முதல் பிரிவு எனப்படும் உச்சநிலைக் கல்லூரி பேஸ்பாலில் நீண்ட காலமாக ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைதான் வரம்பு, அதையும் 27 பேர் வரை பங்கு போட்டுக்கொண்டார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025இல் வந்த தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எத்தனை பேருக்குப் பணம் தருவது என்பது கல்லூரியின் விருப்பம். மேஜர் லீக் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வு 40 சுற்றிலிருந்து 2021 முதல் 20 சுற்றாகச் சுருங்கிவிட்டது. உதவித்தொகைதான் நோக்கம் என்றால் டிராவல் பணத்தை அப்படியே 529 என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள் என்பேன். ஆட்டம் பிடித்திருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், அதற்காக ஆடுகிறான் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. அப்போது ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பதும் எளிது.

அந்த அப்பாவிடம் டேப் ஒட்ட மாட்டேன் என்று சொன்னேன். எலும்பு மருத்துவர் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார். வலது பக்கத்தில் வளர்ச்சித் தட்டின் இடைவெளி அகன்றிருந்தது. ஆறு வாரம் எறிதலே இல்லை, பிறகு படிப்படியாக. பணம் கட்டும் முன்பே அணியிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை அன்றைக்குத்தான் சேர்ந்து எழுதினோம்: மற்ற அணியில் வீசிய பந்துகளையும் சேர்த்து எண்ணுவீர்களா, ஒரே நாளில் பிட்சரையும் கேட்சரையும் ஒரே பிள்ளையாக வைப்பீர்களா, ஆண்டில் எந்த நான்கு மாதம் கைக்கு ஓய்வு, காயம்பட்டால் கட்டணம் திரும்ப வருமா. அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். மூன்று இடத்துப் பந்துகளும் இப்போது அந்த ஒரே நோட்டில்தான் ஏறுகின்றன. செயலியைவிட அதுதான் எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து வந்தபோது அதே எலும்பு முனையை அழுத்தினேன். பையன் என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் சாக்ஸைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இப்போதைக்கு முதல் பேஸில், அதாவது பந்தை அடித்தவர்கள் முதலில் ஓடிவந்து சேரும் இடத்தில், நிற்கிறானாம், அங்கே பேச்சுத்துணைக்கு எதிரணிப் பையன்கள் வந்து நிற்பது பிடித்திருக்கிறதாம். கூப்பர்ஸ்டவுன் பணத்தை அணி திருப்பித் தரவில்லை என்றார் அப்பா.