பெப்டைடு: பாலா, கன்றா?

போன வாரம் தங்கச்சி மகன் வந்திருந்தான். ஜிம்மில் யாரோ அனுப்பிய ஒரு மருந்துக் குப்பியின் படத்தைச் செல்போனில் காட்டினான். பெயர் இபமோரெலின். கீழே தமிழில் 'வளர்ச்சி ஹார்மோன் வெளியிடும் பெப்டைடு' என்று போட்டிருந்தது. "மாமா, இதுக்குள்ள இருக்கிறது வளர்ச்சி ஹார்மோன்தானே?" என்றான். இல்லை. ஆனால் அந்தத் தமிழைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதலில் பெப்டைடு. மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் தொடங்கியது 1901-இல். மறு ஆண்டு ஜெர்மனியின் வேதியியலாளர் எமில் ஃபிஷர் இந்தச் சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் 'பெப்டோஸ்' என்றால் வெந்தது, செரித்தது. புரதம் செரிக்கும்போது உடைந்து வரும் துண்டுகளுக்கு 'பெப்டோன்' என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது; அதை ஒட்டித்தான் பெப்டைடு. இந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் வடமொழி 'பக்வ'வுக்கும் வேர் ஒன்றே. அடுப்படியில் "கறி பக்குவமா வெந்திருக்கு" என்கிறோமே, அந்தப் பக்குவம் பெப்டைடுக்குத் தூரத்துச் சொந்தம்! இதை அறிந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பொருள் என்ன? புரதங்களைக் கட்டும் சின்ன மூலக்கூறுகளான அமினோ அமிலங்களை வரிசையாகத் தொடுத்த சிறிய சரம். கோயில் வாசலில் கதம்பம் கட்டும் அம்மாவின் விரலைப் பாருங்கள். இரண்டு மல்லிகை, ஒரு கனகாம்பரம், கொஞ்சம் மரிக்கொழுந்து, ஒரு முடிச்சு. எந்தப் பூவுக்கு அடுத்து எது என்பதில்தான் கதம்பத்தின் அழகு. இங்கேயும் அப்படியே, வரிசை மாறினால் வேலை மாறிவிடும். ஒவ்வொரு முடிச்சு விழும்போதும் ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகும். இபமோரெலினில் 5 கண்ணிகள். வளர்ச்சி ஹார்மோனில் 191. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தமிழில் 'புரதக்கூறு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூறு என்றால் பெரியதிலிருந்து பிரித்தெடுத்த பங்கு. இபமோரெலின் எந்தப் புரதத்திலிருந்தும் பிரித்ததல்ல, ஆய்வகத்தில் புதிதாகத் தொடுத்தது. அதனால் தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் 'அமினோச் சரம்' என்பேன். இல்லையா, பெப்டைடு என்றே இருக்கட்டும்.

இப்போது 'வெளியிடும்'. கோளாறு இங்கேதான். மேலூர்ப் பக்கம் அத்தை வீட்டில் விடிகாலையில் பால் கறக்கும்போது முதலில் கன்றை அவிழ்த்து விடுவார்கள். அது மடியை நாலு முட்டு முட்டும். பசு சுரப்பு விடும். அப்புறம்தான் செம்பை எடுப்பாள் அத்தை. கன்று பாலைத் தருவதில்லை, சுரக்க வைக்கிறது. இபமோரெலினும் அப்படித்தான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டும். ஹார்மோனைச் சுரப்பது அந்தச் சுரப்பி. குப்பியில் இருப்பது பாலல்ல, கன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கன்று முட்டும்போது பசுவின் உடலில் பாலை இறங்கச் செய்யும் ஆக்சிடோசினும் 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடுதான்.

தமிழில் சுரக்கிறது வேறு, சுரக்க வைக்கிறது வேறு. இவ்வளவு தெளிவான மொழியில் 'வெளியிடும்' என்று குழப்புவானேன்? 'வளர்ச்சி ஹார்மோன் சுரப்பூக்கி' என்பதே சரி. பெயரின் வாலிலும் இது இருக்கிறது. மருந்துகளுக்குப் பொதுப்பெயர் வைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி 'மோரெலின்' என்று முடிந்தால் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் பெப்டைடு என்று அர்த்தம். செர்மோரெலின், டெசமோரெலின் எல்லாம் இந்த வரிசைதான்.

பிட்யூட்டரியைக் 'கபச்சுரப்பி' என்று நான் எழுதுவதில்லை. லத்தீனில் பிட்யூட்டா என்றால் சளி. மூளையின் சளி இதன் வழியே மூக்குக்கு இறங்குவதாக அந்தக் காலத்தில் நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, நம் மொழிபெயர்ப்பில் சளி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மருமகனின் அடுத்த கேள்வி, இது வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பது. வளர்ச்சி ஹார்மோன் விட்டு விட்டுச் சுரக்கும், ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம். ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அதனால் அந்த ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் உண்டாக்கும் ஐஜிஎஃப்-1 அளவைப் பார்க்கிறார்கள். அது நாள் முழுக்க அவ்வளவாக ஏறி இறங்காது. தமிழில் 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி'. நீளமானாலும் நல்ல பெயர்.

கடைசியாகக் குப்பியில் இருந்த 'ஆய்வுப் பெப்டைடு' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினான். "ஆய்வு பண்ணி முடிச்சதுன்னுதானே மாமா அர்த்தம்?" நேர் எதிர், மாப்ளை. ஆய்வகத்துக்கு மட்டும் விற்பது, மனித உடம்புக்கு என்று அனுமதி பெறாதது. இபமோரெலின் இன்றுவரை மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று அந்த 'மட்டும்' சேர்த்து அச்சடித்திருந்தால் அவனுக்கே புரிந்திருக்கும்.