வேன் கூரை காலையில் ஏன் சொட்டுகிறது?

வேனையே வீடாக்கிக்கொண்டவர்கள் குளிர்காலம் தொடங்கியதும் கேட்கும் முதல் கேள்வி இது. கூரையில் ஓட்டை இல்லை, மழையும் இல்லை. காலையில் எழுந்தால் தகடு சொட்டுகிறது, மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

உள்ளே படுத்திருந்தவர்களிடமிருந்து. உறங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். இருவர், எட்டு மணி நேரம் என்றால் 640 கிராம். அடுப்பு எரிந்தால் இன்னும் கூடும்: 44 கிராம் புரோப்பேன் எரிந்தால் 72 கிராம் நீர் பிறக்கிறது. புகைக்குழாய் இல்லாத 1 கிலோவாட் கேஸ் ஹீட்டர் மணிக்கு 125 கிராமுக்கு மேல் நீரை உள்ளே கொட்டும். இன்னும் மூன்று பேர் வந்து படுத்த கணக்கு. கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் சேர்வதால், அதை எரியவிட்டு உறங்கவே கூடாது.

இந்த ஆவி ஏன் கூரையைத் தேடிப்போய் நீராகிறது? சூடான காற்று அதிக நீரைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும் என்று பள்ளியில் படித்தோம். கணக்குப் போட அது போதும். உண்மையில் நடப்பது அதைவிட அழகானது. ஈரமான எந்தப் பரப்பிலிருந்தும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் துள்ளி வெளியேறுகின்றன. காற்றிலுள்ள மூலக்கூறுகள் ஓயாமல் வந்து ஒட்டுகின்றன. வெளியேறும் வேகம் பரப்பின் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒட்டும் வேகம் அருகில் எவ்வளவு ஆவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும் இடமே தெவிட்டிய நிலை. இதில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் அநேகமாக வேலையே இல்லை. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் அதே வெப்பநிலையில் அதே அளவு ஆவிதான் நிற்கும். ஜான் டால்டன் இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். ஆக, காற்று எதையும் தாங்குவதில்லை. குளிர்ந்த தகட்டில் வந்து ஒட்டும் மூலக்கூறுக்கு மீண்டும் துள்ளிக் கிளம்ப ஆற்றல் போதவில்லை, அவ்வளவுதான்.

தெவிட்டிய நிலையில் ஒரு கன மீட்டரில் நிற்கும் ஆவி 20 டிகிரியில் 17.3 கிராம், 10 டிகிரியில் 9.4, பூஜ்ஜியத்தில் 4.8. வேனின் உள்ளளவு 10 கன மீட்டர் என்று கொள்வோம். 20 டிகிரி, 50 சதவீத ஒப்பு ஈரப்பதம் (தெவிட்டிய அளவில் பாதி ஆவி) என்றால் உள்ளே 86 கிராம் ஆவி இருக்கும். இருவரின் மூச்சு ஒரே மணி நேரத்தில் அதற்குச் சமமாக இன்னொரு பங்கைச் சேர்த்துவிடும். தகடு அதுவரைகூடக் காத்திருக்காது. அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 9 டிகிரி. தகடு 5 டிகிரியில் இருந்தால் கதவைச் சாத்தியதுமே ஒட்டத் தொடங்கிவிடும்.

இனிதான் பலரும் நம்ப மறுக்கும் பகுதி. வெளியே 5 டிகிரி, மழைத் தூறல், ஈரப்பதம் 90 சதவீதம். ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும் என்று எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிறார்கள். அந்த ஈரக்காற்றில் கன மீட்டருக்கு 6.1 கிராம் ஆவிதான் இருக்கிறது. உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 35 சதவீதமாக இறங்கிவிடும். குளிர்கால மழைக்காற்றே உங்கள் வேனை உலர்த்தும்! ஈரப்பதத்தைப் பள்ளிகளில் வெறும் வரையறையாக மனப்பாடம் செய்யவைக்காமல், இந்த ஒரு கணக்கை மாணவர்கள் கையாலேயே போட வைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எவ்வளவு காற்று வேண்டும்? உள்ளே 50 சதவீதத்தில் நிறுத்தினால், 6.1 கிராமோடு நுழையும் ஒவ்வொரு கன மீட்டரும் 8.6 கிராமோடு வெளியேறி, ஏறத்தாழ 2.5 கிராம் நீரைக் கொண்டுபோகும். இருவர் விடும் 80 கிராமுக்கு மணிக்கு சுமார் 32 கன மீட்டர் தேவை. 12 வோல்ட் கூரை விசிறியைக் குறைந்த வேகத்தில், காற்றை வெளியே தள்ளும்படி ஓட்டினால் போதும். காற்று நுழையும் ஜன்னல் விசிறிக்கு எதிர்முனையில் இருக்கட்டும். பக்கத்திலேயே இருந்தால் புதுக்காற்று படுக்கையைத் தொடாமலே வெளியேறிவிடும். அந்தக் காற்றைச் சூடாக்க 160 வாட் செலவாகும். 2 கிலோவாட் டீசல் ஹீட்டருக்கு அது பொருட்டே அல்ல. இரவு முழுவதற்கும் கூடுதலாக 150, 160 மில்லி டீசல். அது எரிக்கும் காற்று வெளியிலிருந்து ஒரு குழாயில் வந்து, விடும் புகை இன்னொரு குழாயில் வெளியே போய்விடுவதால் உள்ளே நீர் சேராது. புகைக்குழாயின் இணைப்புகளை அவ்வப்போது பாருங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

வெப்பக்காப்பில் நடக்கும் பெரிய பிழை, தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவே கண்ணாடிக் கம்பளியைத் திணிப்பது. ஆவி அதன் ஊடே போய்த் தகட்டில் நீராகும். வெளியே எதுவும் தெரியாமல் துரு உள்ளிருந்து அரிக்கும். மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் ஷீட்டைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டுங்கள். தகட்டைத் தாங்கும் எஃகுச் சட்டங்களையும் மூடாமல் விட்டுவிடாதீர்கள்: எஃகு ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், மூடாத சட்டம் ஒவ்வொன்றும் ஒரு நீர்க்கோடாகும். கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை ஃபோம் அடைக்கக் கூடாது. பளபளக்கும் ஃபாயில் ஷீட் இரண்டு பொருள்களுக்கு நடுவே நசுங்கியிருந்தால் வெப்பக்கதிரைத் திருப்பாது. முன்னால் காற்று இடைவெளி வேண்டும். மெத்தைக்கு அடியில் முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட பட்டைகள் போடுங்கள்.

மூலையில் உப்புக் கிண்ணம் வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. தூய உப்பு (சோடியம் குளோரைடு) ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையாது. உங்களுக்குத் தேவையோ 60க்குக் கீழே. சிலிக்கா ஜெல் இழுக்கும், ஆனால் ஒரு கிலோ ஏறத்தாழ 300 கிராமில் நிறைந்துவிடும், பாதி இரவுக்குக்கூடப் போதாது. உப்புக்கு வேறொரு நல்ல வேலை உண்டு. ஒரு மூடியில் உப்பைச் சேறு போலக் குழைத்து, ஈரப்பத மானியோடு காற்றுப்புகாத பையில் 12 மணி நேரம் வையுங்கள். மானி 75 காட்டவேண்டும். 70 காட்டினால், இனிப் பார்க்கும் ஒவ்வொரு அளவோடும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.