அலிட்டரேஷன்: மோனையா, வருக்க மோனையா?

அடுத்தடுத்து வரும் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘அலிட்டரேஷன்’ என்பர். எழுத்தைக் குறிக்கும் ‘லிட்டெரா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்த ஜியோவான்னி பொன்டானோ என்ற மனிதநேயப் புலவர் இதனை உருவாக்கினார். பண்டைய உரோமக் கவிஞர்கள் இந்த உத்தியைத் தாராளமாகக் கையாண்டிருந்தும் அதற்கென்று இப்படியொரு பெயர் அவர்களிடம் இல்லை.

பெயரில் எழுத்து இருந்தாலும் கணக்கில் வருவது ஒலியே. ‘கேட்’, ‘சிட்டி’ என்னும் இரு சொற்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கியும் ஒலி வேறாதலால் இங்கே ஒன்றுவதில்லை. ‘ஃபோன்’, ‘ஃபிஷ்’ இரண்டும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கியும் ஒன்றும். வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் முதலில் இன்று ஒலிக்காமல் நிற்கும் ககரம் முற்காலத்தில் ஒலித்தது. ஆகவே பழைய செய்யுள்களில் அச்சொல் ‘கிங்’ என்பதனோடு இயல்பாக ஒன்றியது. அதே பாட்டை இன்றைய உச்சரிப்பில் படிப்பவருக்கு அந்த ஒலியியைபு காதில் விழாது.

இன்று அணியாகக் கருதப்படும் இது, பழைய ஆங்கிலத்தில் செய்யுளின் எலும்புக்கூடாகவே இருந்தது. ‘பேயோல்ஃப்’ போன்ற பாடல்களில் ஓரடிக்கு நான்கு அழுத்த அசைகள், அதாவது அழுத்தி ஒலிக்கும் அசைகள், உண்டு. அடியின் நடுவே ஒரு நிறுத்தம் வரும். நிறுத்தத்துக்குப் பின்வரும் மூன்றாம் அழுத்த அசையின் ஒலியே அடியை ஆளும். முதல் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ அதனோடு ஒத்து வரவேண்டும், நான்காவது ஒத்து வரக்கூடாது. மெய்யெழுத்து ஒலிகளில் இவ்வளவு கண்டிப்புக் காட்டிய அந்த யாப்பு, உயிரொலிகளில் எந்த உயிரும் எந்த உயிரோடும் ஒன்றலாம் என்று விட்டுவிட்டது. பின்னர் பிரெஞ்சு வழிவந்த ஈற்று ஒலியியைபு மேலோங்கியது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் படைத்த பாதிரியார் பாத்திரம், தான் தென்னாட்டான் என்றும், ‘ரம், ராம், ரஃப்’ என்று எழுத்தடுக்கிக் கதை சொல்லத் தனக்கு வராது என்றும் கூறுகிறது. வடக்கிலும் மேற்கிலும் அந்த மரபு அப்போது உயிரோடிருந்தமையால் இந்தக் கிண்டல் எடுபட்டது.

தமிழில் இதற்கு ‘மோனை’ என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். அது தவறன்று, ஆனால் போதிய துல்லியம் உடையதும் அன்று. மோனையில் முதலெழுத்து ஒத்து வரவேண்டும். அதே எழுத்து வராதபோது அதன் இனவெழுத்து வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். உயிர்மெய்க்கும் இதுவே விதியாதலால் ‘கல்’ என்பதற்குக் ‘காடு’ மோனையாகும், ‘கிளி’ ஆகாது. ஆங்கிலத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட கடற்பாட்டில், கப்பல் நீரைக் கிழித்துச் செல்வதைச் சொல்லும் இடத்தில் ‘ஃபர்ரோ’, ‘ஃபாலோடு’, ‘ஃப்ரீ’ என்று சொற்கள் தொடர்கின்றன. மெய் ஒன்றாகவே இருக்க, அதைத் தொடரும் ஒலி ஒவ்வொரு சொல்லிலும் மாறுகிறது. உயிர் எதுவாயினும் ஒரே மெய்யின் வருக்கம் வந்தால் போதும் என்னும் இந்த அமைப்புக்கு நம் இலக்கணத்தில் தனிப்பெயரே உண்டு: வருக்க மோனை. யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையின் ஒழிபியல் என்னும் பகுதி இதற்கு இடம் தருகிறது. எனவே ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ் வருக்க மோனையே என்பது என் துணிபு. ‘ரைம்’ என்பதை எதுகை என்று பெயர்க்கும் வழக்கத்தையும் இங்கேயே திருத்திக்கொள்ளலாம். எதுகை இரண்டாம் எழுத்தைப் பற்றியது, அடியின் ஈற்றில் ஒத்து வருவது இயைபு.

உயிரில் தொடங்கும் சொற்களில் நிலைமை தலைகீழாகிறது: ஒலி வேறாகியும் எழுத்து ஒன்றாக நிற்பதுண்டு. சார்லஸ் சர்ச்சில் என்னும் கவிஞர் 1763இல், இந்த உத்தியின் துணையை எவ்வளவு வேண்டியும் தனக்குக் கிட்டவில்லை என்று குறும்பாகப் புலம்பும்போது, ‘ஆப்ட் அலிட்டரேஷன்ஸ் ஆர்ட்ஃபுல் எய்ட்’ என்று அந்த உத்தியைக் கொண்டே எழுதினார். நான்கு சொற்களும் கண்ணுக்கு ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. தமிழ்க் காதுக்கோ முதல் மூன்றும் ஓரினம், ‘எய்ட்’ மட்டும் இனம் மாறியது.

சொல்விளையாட்டிலும் அரசியல் மேடையிலும் இது இன்றும் பிழைத்திருக்கிறது. ‘பீட்டர் பைப்பர்’ என்ற நாப்பயிற்சித் தொடர் 1813இல் இலண்டனில் அச்சேறியது. 1970இல் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பைரோ அக்னியூ, எதற்கெடுத்தாலும் குறை கூறுவோரை ‘நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகட்டிவிசம்’ என்று சாடினார். எழுதிக் கொடுத்தவர் வில்லியம் சஃபயர். ‘ந’ என்னும் எழுத்தின் வருக்கத்துக்காக அவர் பிடித்திழுத்த ‘நேபாப்’, நம் நவாபுதான்.

வருக்க மோனை என்று பெயரிட்ட பிறகும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. தமிழில் சீரின் முதலெழுத்தே மோனைக்கு உரியது. ஆங்கிலச் செய்யுளில் அழுத்தம் விழும் அசையே கணக்கு. ‘பிகின்’ என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், பழைய முறைப்படி அது ‘கோல்டு’ என்பதோடு ஒன்றுமே தவிர ‘புக்’ என்பதோடு ஒன்றாது.