முதலில் அறையை அளந்து பாருங்கள், அப்புறம் லென்ஸ் வாங்குங்கள்

போன வாரம் கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் போட்டோ கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஹார்டு டிஸ்க், அதற்குள் மகன் கல்யாணம். "ஏனுங் தம்பி, இதைக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தெளிவு பண்ணிக் குடுக்க முடியுங்களா?" என்றார்.

திறந்து பார்த்தேன். இணைச்சீர் படம். மாப்பிள்ளையின் மீசையில் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். அவருக்கு ஒரு சாண் பின்னால் நிற்கும் தங்கச்சி மூக்கும் முழியுமான பெண்ணாம். படத்தில் இரண்டையும் காணோம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் செய்து வைக்கிற சீர்களில், அதாவது சடங்குகளில், மாப்பிள்ளையையும் அவர் கூடப் பிறந்தவளையும் சேலை முனையால் இணைத்து நிறுத்துகிற சீர் இது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண்ணையாவது கூட்டி வந்து நிறுத்துவார்கள். இரண்டு பேர் இல்லாமல் அந்தச் சீரே இல்லை. அதில் ஒருத்தியை மங்கலாக்கிவிட்டு, "அண்ணா, போக்கே எப்படி வந்திருக்கு பாருங்க" (போக்கே என்றால் பின்னணி கலங்கித் தெரிவது) என்று ஸ்டேட்டஸ் வேறு வைத்திருக்கிறான் எடுத்த தம்பி. எனக்குத் தெரிந்த பையன்தான். இந்த வருஷம் என்னிடம் இப்படி வந்ததில் இது நான்காவது ஹார்டு டிஸ்க். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவருக்குச் சொன்ன பதில்: முடியாதுங்க. ஃபோகஸ் போன முகத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. இப்போது வந்திருக்கிற ஏஐ சமாச்சாரங்கள் ஒரு முகத்தை வரைந்து கொடுக்கும். அது அந்தப் பெண்ணாக இருக்காது, அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருக்கும்.

படத்தின் விவரத்தைப் பார்த்தேன். க்ராப் சென்சார் பாடி, அதாவது சின்ன சென்சார் உள்ள கேமரா. 85 எம்எம் லென்ஸ்; எம்எம் கூடக் கூட ஆள் கிட்டே தெரிவார். அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, 1.4; எண் சின்னதானால் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. படத்துக்குள் அடங்கிய அகலத்தை வைத்துப் பார்த்தால் பத்தடித் தூரத்தில் நின்றிருக்கிறான். அந்தக் கணக்குக்குத் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். நாலு விரலை ஒட்டி வைத்தால் வருகிற அகலம். அதற்குள் மாப்பிள்ளையின் முகம் மட்டும்தான் அடங்கும். அபெர்ச்சரை 5.6-க்கு மூடியிருந்தால் 27 சென்டிமீட்டர் கிடைத்திருக்கும். அதுகூட வேண்டாம். அவன் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நின்றிருந்தால் அண்ணனும் தங்கையும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்துக்கு வந்திருப்பார்கள். சீர் நடக்கும்போது அவர்களை நகரச் சொல்ல முடியாது, சரி. நாம் நகரலாம் அல்லவா? காலுக்கு இஎம்ஐ கிடையாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. "பின்னால் கலங்கினால்தான் போர்ட்ரெய்ட், அபெர்ச்சர் எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்ல லென்ஸ்" என்று யார் இந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. லென்ஸ் வாங்கப் போகும் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் 1.8-ஆ 1.4-ஆ என்று தொடங்குகிறார்கள். எத்தனை எம்எம், எந்த பாடி, எங்கே நின்று எடுக்கப் போகிறாய் என்பதெல்லாம் அப்புறம்தான்.

பின்னணி கலங்குவது அபெர்ச்சர் ஒன்றால் மட்டும் இல்லை. ஆளுக்கும் பின்சுவருக்கும் உள்ள இடைவெளி அதில் பெரும்பங்கு. கல்யாணப் பெண்ணைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு 1.4 வைத்தாலும் சுவர் முழுசாகக் கரையாது, காதும் சேர்ந்து மங்கும். அதே பெண்ணைச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி முன்னால் கூட்டி வந்து, 85 எம்எம்மில் தலையும் தோளுமாக எடுங்கள், அபெர்ச்சர் 4 போதும். சுவர் கரைந்துவிடும், பெண்ணின் இரண்டு கண்ணும், ஜிமிக்கியும், பூவும் நிற்கும். இதைச் செய்து காட்டினால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த முகூர்த்தத்தில் மறுபடியும் 1.4.

பச்சைக் கண்ணோடு நம்மை முறைக்கும் அந்த ஆப்கானிஸ்தான் சிறுமியின் படத்தைப் பார்க்காதவர் இந்தத் தொழிலில் இருக்க மாட்டார்கள். 1984-இல் பெஷாவர் அருகே ஒரு அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. அவர் கையில் இருந்தது நிக்கான் 105 எம்எம் லென்ஸ். அதை முழுக்கத் திறந்தாலே 2.5தான். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் பின்னணி இன்னும் கொஞ்சம் கலங்கியிருக்கலாம் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் கோபியில் யாஷிகா மேட் வைத்துப் படம் எடுத்தவர். 80 எம்எம், 3.5 லென்ஸ். ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார வைத்து 5.6-க்கோ 8-க்கோ மூடித்தான் எடுப்பார். அந்த கேமராவில் இன்னொரு விஷயம் உண்டு. மேலே தனியாகக் கண்ணாடி மாட்டாவிட்டால் ஒரு மீட்டருக்குள் அது ஃபோகஸ் ஆகாது. அதனால் ஆள் முகத்துக்குள் போய் நிற்கவே முடியாது. பழைய ஸ்டூடியோ படங்களில் நம் அப்பாரு, ஆத்தா மூக்கெல்லாம் மூக்காக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

மூக்கு விஷயம் இதுதான். மூக்கு நுனியிலிருந்து காது வரை பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடியில், அதாவது 45 சென்டிமீட்டரில் நின்றால் காது 55-இல் இருக்கிறது. மூக்கு கேமராவுக்கு அவ்வளவு பக்கம், காது அவ்வளவு தூரம். ஆகவே மூக்கு வீங்கும், காது ஒடுங்கும். ஆறடி தள்ளி நின்றால் 180-க்கும் 190-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, முகம் முகமாக இருக்கும். இதைச் செய்வது தூரம், லென்ஸ் இல்லை. 35 எம்எம் மூக்கைப் பெரிதாக்கும் என்பது பாதிப் பொய். 35-ஐ மாட்டிக்கொண்டு படத்தை நிரப்ப நீங்கள் கிட்டே போகிறீர்கள், அதுதான் பெரிதாக்குகிறது. செல்ஃபியில் மூக்கு பெருத்துத் தெரிகிறது என்று வருத்தப்படும் அம்மிணிகளுக்கும் இதே பதில்தான். உங்கள் மூக்கில் குறை இல்லை, கை நீளம் போதவில்லை.

ஆக, முகம் எடுக்க ஐந்தடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அந்த ஐந்தடியில், பத்தடியில் எந்த லென்ஸ் உங்களுக்கு வேண்டிய அளவைப் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் லென்ஸ். இங்கேதான் அளக்கிற டேப் வேண்டும்.

க்ராப் பாடியில் 85 மாட்டினால் நின்ற ஆளை முழு உருவமாக எடுக்க 24, 25 அடி பின்னால் போக வேண்டும். இடுப்பு வரை எடுக்கவே 12 அடி. நம்மூர் மண்டபங்களில் மணப்பெண் அறையை அளந்து பார்த்திருக்கிறீர்களா? நான் அளந்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு இருந்தால் பெரிய அறை. அதில் ஒரு கட்டில், இரண்டு பீரோ, மேக்கப் பெண்ணின் மூன்று பெட்டி, எட்டு அத்தைமார். 85-ஐ மாட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று எடுக்க வேண்டியதுதான். பலர் எடுக்கிறார்கள், படத்தில் பாதி கதவு நிலை. 50 எம்எம் ஆக இருந்தால் முழு உருவத்துக்கு 14 அடி, இடுப்பு வரைக்கு 7 அடி. 35 என்றால் முழு உருவம் பத்தடியில் முடிந்துவிடும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் பாடியில்தான் 85-க்கு மரியாதை, முழு உருவத்துக்கு பதினைந்து அடி சொச்சம் போதும்.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். க்ராப் பாடி வைத்திருக்கும் தம்பிகள் முதலில் 50 எம்எம் 1.8 வாங்குங்கள். விலையும் குறைவு. அடுத்து 35. 85 எல்லாம் ஃபுல் ஃப்ரேம் வந்தபிறகு, அதுவும் 1.8 போதும். ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு 1.4 வாங்கி, அதற்கு மாதத் தவணை கட்ட இன்னும் நாலு கல்யாணம் குறைந்த ரேட்டுக்கு ஒப்புக்கொண்டு, அதையும் 1.4-லேயே எடுத்து... சரி, விடுங்கள்.

அந்தக் காசைச் செலவழிக்கும் முன்னாலும் ஒரு வேலை செய்யலாம், காசு ஆகாது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் இருக்கிறது அல்லவா? அதை 50-இல் வைத்து, ஜூம் வளையத்தின்மேல் டேப் ஒட்டி ஒரு வாரம் வீட்டுக்குள் எடுங்கள். அடுத்த வாரம் 35-இல் ஒட்டுங்கள். எது கை சேர்கிறதோ அது. அப்படியும் சந்தேகம் என்றால் கோவையில் ஒரு நாள் வாடகைக்கு லென்ஸ் கிடைக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

நிக்கான்காரர்கள் ஒன்று கவனியுங்கள். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் 1.8 டி லென்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்து மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது, கையால் திருக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் கையால் திருகிப் பாருங்கள், அப்புறம் தெரியும். உங்கள் பாடிக்கு லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் ஜி லென்ஸ்தான்.

ஃபோகஸைப் பற்றிப் பேசும்போது நெற்றிச்சுட்டி. வெளிச்சத்தில் மின்னுகிற பொருளைக் கண்டால் பழைய கேமராக்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். நெற்றிச்சுட்டியோ மூக்குத்தியோ பளிச்சென்று இருக்கும், கண் சொக்கிக் கிடக்கும். ஃபோகஸ் புள்ளியை நீங்களே கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணின்மேல் வையுங்கள். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டு கேமராவைச் சாய்த்து ஃப்ரேம் மாற்றும் பழக்கம் 5.6-இல் தப்பிக்கும், 1.8-இல் மாட்டிக்கொள்ளும். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் புது மிரர்லெஸ் கேமரா இருந்தால் நல்லது. அதுவும் ஒருத்தர் கண்ணைத்தான் பிடிக்கும், இரண்டு பேர் நின்றால் மறுபடி அபெர்ச்சரை மூடத்தான் வேண்டும்.

பிரீ வெட்டிங் என்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கும் கோபி வயலுக்கும் பட்டப்பகலில் போகிறவர்களுக்கு: உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் அளவு) 100, அபெர்ச்சர் 1.8 வைத்தால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய ஒரு நொடியில் 8000-இல் ஒரு பங்கு கேட்கும். ஆரம்ப நிலை பாடிகள் பலவும் 4000 வரைதான் போகும். பட்டு வேட்டி வெளுத்து, மடிப்பே இல்லாமல் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். எடிட்டிங்கில் திரும்பி வராது. தோப்புக்குள் வேறு தொல்லை, ஓலைச் சந்து ஒவ்வொன்றும் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை வட்டமாக நிற்கும். காலை எட்டு மணிக்குள் போய்விட்டு வாருங்கள், மாப்பிள்ளைக்குத் தூக்கம் கலையாவிட்டாலும் பரவாயில்லை.

பழைய லென்ஸ் வாங்குவது தப்பில்லை, நானே வாங்கியிருக்கிறேன். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஈரம் குறையாத வால்பாறைப் பக்கம் இருந்து வந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள். இந்த விலைக்கு வரும் 50 எம்எம்களில் தூசி புகாத அடைப்பு பெரும்பாலும் கிடையாது. நலங்கில் மஞ்சளும் தண்ணீரும் பறக்கும்போது அதைப் பைக்குள் வைத்துவிட்டு கிட் லென்ஸை மாட்டுங்கள்.

கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். போட்டோகிராஃபரிடம் "லென்ஸ் எத்தனை லட்சமுங்க?" என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்பதால்தான் பாதிப் பேர் கடன் வாங்குகிறார்கள். அதற்குப் பதில், முன்னால் எடுத்த ஆல்பத்தில் இணைச்சீர் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு முகமும் தெரிகிறதா என்று பாருங்கள். அம்முச்சிகள் (பாட்டிகள்) நாலு பேர் வரிசையாக உட்கார்ந்த படம் இருந்தால் அதையும் பாருங்கள். மூன்றாவது அம்முச்சி மங்கலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கவுந்தப்பாடிப் பெரியவர் வீட்டுக்கு அடுத்த புதன்கிழமை போகிறேன். மருமகளும் மகனும் மறுவிருந்து முடிந்து வந்துவிட்டார்களாம், தங்கச்சியும் வருகிறாள். சீரைத் திரும்பச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அண்ணனையும் தங்கையையும் வாசல் திண்ணையில் பக்கம் பக்கமாக உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எடுத்த தம்பியையும் கூட வரச் சொன்னேன். "85-ஐ எடுத்துட்டு வரட்டுங்களாண்ணா?" என்று கேட்டான். திண்ணைக்கும் எதிர்ச் சுவருக்கும் எத்தனை அடி என்று போன் போட்டுக் கேள், அப்புறம் பேசு என்றேன்.